உடலுக்குள் ஒரு சாவிக்காரர்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்துச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், ரசம் வரும்வரை பொறுத்திருந்து, மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க காலேஜ் லேப்ல இருந்தவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பாவுக்கு பிளட் கேன்சர்னா பொண்ணுக்கும் வருமா?"

யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கேயோ ஒரு வரன் பேச்சு நடக்கிறது என்பது மட்டும் புரிந்தது. "என்ன வகைன்னு தெரியுமா?" என்றேன். நோயின் பெயரை எழுதி வைத்திருந்த துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எனக்கு நன்றாகப் பழக்கமான பெயர்தான். "பயப்படாதீங்க, வராது" என்றேன்.

ஆனால் 'வராது' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி யாரும் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. ஏன் வராது என்று தெரிந்தால்தான் மனம் சமாதானமாகும். அதைப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே கேள்விக்குப் பயந்து என் குடும்பத்திலேயே ஒருவர் உயிரைப் பணயம் வைத்தார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

தாராவி அத்தான்

என் அக்காளைக் கட்டிய அத்தான் 1970-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவர். தாராவியில் முறுக்கு, தட்டை, சீடை போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். நான் செம்பூரில் குடியிருந்துகொண்டு ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

2007-ஆம் ஆண்டு அத்தானுக்கு இடது விலாவுக்குக் கீழே வயிறு கனக்கத் தொடங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால் கால் தளரும். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தே மூன்று மாதம் ஓட்டினார். ஒருவழியாக இரத்தம் சோதித்தபோது வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. நலமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். வயிற்றுக் கனம் வாயுவினால் அல்ல, வீங்கிய மண்ணீரலால் வந்தது.

பரேலில் 1941-ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, 'நாள்பட்ட மைலாய்டு லுகேமியா' என்றார்கள். மெதுவாக வளர்ந்து, கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் திடீரென்று மூர்க்கமாகிவிடும் இரத்தப் புற்றுநோய் இது. அக்காள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரோ இமாடினிப் என்ற மாத்திரையை 400 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, தினம் ஒன்று, சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அத்தானுக்கு ஊசி போடவில்லை, கதிர்வீச்சு கொடுக்கவில்லை, முடியும் கொட்டவில்லை. இரண்டு மாதத்துக்குள் அணுக்களின் எண்ணிக்கை சாதாரண நிலைக்கு வந்து, அவர் பழையபடி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார்.

நான்கு ஆண்டுகள் நன்றாகப் போயின. 2011-இல் மகளுக்கு மாதுங்காவில் ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் அடிக்கடி வந்து போகத் தொடங்கினார்கள். அத்தான் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அலமாரியில் மாத்திரை அட்டை யார் கண்ணிலாவது பட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம். கல்யாணச் செலவுக்கு அந்தப் பணமும் மிச்சமாகும் என்ற கணக்கு. ஐந்து மாதம் கழித்து மீண்டும் விலாவில் கனம் தெரிந்தபோதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னார். "மாப்ளே, உடம்புல ஒண்ணுமே தெரியலியே, குணமாயிட்டுதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மறுபடி 80,000-ஐத் தொட்டிருந்தன.

அவர் செய்த தவறு ஒன்றுதான். மாத்திரை என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. படித்த நானும் உட்கார்ந்து சொல்லவில்லை. அன்று இரவு அவர் வீட்டில் அமர்ந்து, அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்கினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வால்வைத் திறப்பவர்

மும்பைவாசிகளான நமக்குத் தண்ணீர் வேளை வைத்துத்தான் வரும். நகராட்சி ஆள் ஒருவர் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். தெருவுக்கு அடியில் இருக்கும் வால்வில் சாவியைப் பொருத்தித் திருப்புவார். சந்திலுள்ள குழாய்களில் எல்லாம் தண்ணீர் கொட்டும். நேரம் முடிந்ததும் வால்வை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். இங்கே 'சாவிவாலா' என்பார்கள். நாம் சாவிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படிச் சாவிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விஞ்ஞானம் கொடுத்த பெயர் 'புரோட்டீன் கைனேஸ்'. கைனேஸ் என்பது ஒரு புரதம். இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற மிகச் சிறிய பொருள் ஒன்றை ஒட்டிவிடுவதுதான் அதன் வேலை. ஒரு பாஸ்பரஸ் அணுவும் அதைச் சுற்றிச் சில ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது பாஸ்பேட். அது எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே ஒட்டிய உடனே அந்தப் புரதத்தின் உருவம் சற்று நெளிந்து மாறுகிறது. சும்மா இருந்த புரதம் வேலையைத் தொடங்கலாம், அல்லது வேலை செய்துகொண்டிருந்தது நிற்கலாம். 'பாஸ்பட்டேஸ்' என்ற வேறு வகைப் புரதங்கள் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். திறப்பதற்கு ஒருவர், மூடுவதற்கு ஒருவர் என்ற ஏற்பாடு.

செல் வளர்வது, இரண்டாகப் பிரிவது, நகர்வது, சர்க்கரையைச் சேமிப்பது, காயத்தை ஆற்றுவது எல்லாமே இந்தத் திறப்பு மூடலால்தான் நடக்கின்றன. இந்த இரகசியத்தை 1955-இல் தசைகளை ஆராய்ந்து கண்டவர்கள் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒட்டுவதற்கான பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? செல்லின் சக்திச் சேமிப்பான ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து வருகிறது. இந்த ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அதைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டார். பின்னாளில் சுப்பாராவின் குழுவினர் உருவாக்கிய மருந்தைக் கொண்டுதான் 1948-இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்தார். 1995-இல் இந்திய அரசு சுப்பாராவுக்குத் தபால் தலை வெளியிட்டது.

சாவிக்காரருக்கும் ஒரு கட்டுப்பாடு

தண்ணீர் விடும் சாவிக்காரர் தன் இஷ்டத்துக்கு வால்வைத் திறக்க முடியாது. மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். கைனேஸும் அப்படித்தான். உத்தரவு வரும்வரை அது தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.

அத்தானின் நோய்க்குக் காரணமான கைனேஸின் பெயர் ஏபிஎல். நோய் இல்லாத செல்லில் இது நல்ல பிள்ளை. செல்லின் உள்ளே சாரம் கட்டியதுபோல் இருக்கும் இழைகளை ஒழுங்குபடுத்தி, செல் வடிவம் மாறவும் நகரவும் உதவுகிறது. செல்லின் நடுவிலிருக்கும் உட்கருவுக்குள்ளும் போய்வரும். மரபுப் பொருளான டி.என்.ஏ. பழுதடைந்தால் அந்தச் செய்தியைக் கடத்துவதிலும் பங்கெடுக்கிறது. நரம்பு செல்கள் கிளை விடுவதற்கும் தேவைப்படுகிறது.

உத்தரவு இல்லாத நேரத்தில் ஏபிஎல் எப்படிச் சும்மா இருக்கிறது? அதன் தலைமுனையில் கொழுப்பு அமிலத் துணுக்கு ஒன்று வால்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வால் வளைந்து வந்து, ஏபிஎல்லின் உடம்பிலேயே இருக்கும் ஒரு குழிக்குள் செருகிக்கொள்ளும். செருகியவுடன் புரதத்தின் மற்ற பாகங்கள் முதுகுப் பக்கமாக வந்து அணைத்துப் பிடித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தானைக் காஜாவில் மாட்டுவதுபோல. பொத்தான் மாட்டியிருக்கும்வரை கைனேஸ் வேலை செய்யாது. 2003-இல் இந்த அமைப்பைப் படம்பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் குரியன். 1970-களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி, பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்.

குரோமோசோம்கள் துண்டு மாறியபோது

இனி நோய்க்கு வருவோம். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோய் உள்ளவர்களின் இரத்த செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயராலேயே அதற்குப் 'பிலடெல்பியா குரோமோசோம்' என்று பெயர் வந்தது. குறைந்த துண்டு எங்கே போயிற்று என்பது 12 ஆண்டுகள் தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர், குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஒடிந்து, துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று கண்டுபிடித்து 1973-இல் அவர் வெளியிட்டார்.

ஏபிஎல்லுக்கான ஜீன் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. துண்டு மாறும்போது அதன் முன்பகுதி அறுந்து, 22-ஆம் குரோமோசோமிலுள்ள வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. அறுந்துபோன முன்பகுதியில்தான் முன்னே சொன்ன பொத்தான் இருக்கிறது. ஆகவே இந்த ஒட்டு ஜீனிலிருந்து பிறக்கும் புரதத்துக்குப் பொத்தான் கிடையாது. போதாக்குறைக்கு, புதிதாக வந்து ஒட்டிய பகுதி அந்தப் புரதங்களை நான்கு நான்காகக் கூட்டிவைக்கிறது. கூடியவை ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. கட்டுப்பாடும் போய், கூட்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சாவிக்காரர் வால்வைத் திறந்தார், திறந்தார், திறந்துகொண்டே இருந்தார் என்ற கதைதான். 'பெருகு, பெருகு' என்ற கட்டளை ஓயாமல் போக, எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் வெள்ளமாகப் பெருகி மண்ணீரலில் போய்த் தேங்குகின்றன.

பந்தியில் கேட்ட அன்பருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தத் துண்டு மாற்றம் பிறவியில் வருவதல்ல. வளர்ந்த பிறகு என்றோ ஒரு நாள், மஜ்ஜையிலுள்ள ஒரே ஒரு செல்லில் நடக்கிறது. அந்த ஒரு செல்லின் வாரிசுகளே நோயாகின்றன. பிள்ளையை உண்டாக்கும் விந்திலும் கருமுட்டையிலும் இந்த மாற்றம் இல்லை. அப்பாவிடமிருந்து மகளுக்குப் போக அதற்கு வழியே கிடையாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் தொற்றுவதும் இல்லை. அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவது தெரிந்திருக்கிறது. மற்றப் பெரும்பாலோருக்கு வெளிக் காரணம் எதையும் காட்ட முடிவதில்லை. அத்தானின் எண்ணெய்ச் சட்டி மேல் அக்காள் நெடுநாள் பழி போட்டுவந்தாள். அது தேவையே இல்லை.

மாத்திரை செய்வது என்ன?

கைனேஸின் உடலில் ஏ.டி.பி. வந்து உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு. இமாடினிப் அந்தப் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. ஏ.டி.பி. வர முடியாது, பாஸ்பேட் கிடைக்காது, சாவி திரும்பாது.

ஒரு சந்தேகம் எழலாம். ஏ.டி.பி. உட்காரும் பள்ளம் எல்லாக் கைனேஸுக்கும் உண்டே, மாத்திரை எல்லாவற்றையும் அடைத்து ஆளையே சாய்த்துவிடாதா? விஞ்ஞானிகளும் முதலில் இப்படித்தான் தயங்கினார்கள். 2000-ஆம் ஆண்டில் குரியனின் குழு எடுத்த படம் இதற்கு விடை சொன்னது. வேலை செய்யும்போது கைனேஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கின்றன. ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். காலை லோக்கல் ரயிலில் நிற்பவர்களைப் பாருங்கள், எல்லோரும் ஒரே மாதிரி கம்பியைப் பிடித்திருப்பார்கள். இரவில் அதே ரயிலில் தூங்குகிறவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் சாய்ந்திருப்பதில்லை. இமாடினிப், ஏபிஎல் ஓய்ந்திருக்கும் அந்தத் தனிக் கோலத்தில் பொருந்துகிறது. அதனால் ஏபிஎல்லையும் அதையொத்த மிகச் சில கைனேஸ்களையும் மட்டுமே அது பிடிக்கிறது.

நிக்கலஸ் லைடன் முதலியோர் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனமொன்றில் உருவாக்கிய இந்த மருந்தை, பிரையன் டிரக்கர் என்ற அமெரிக்க டாக்டர் 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முந்தைய சிகிச்சை பலிக்காத 54 பேருக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்ததில், 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை சாதாரண நிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. இந்த மாத்திரையில் சிகிச்சை தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததாக 2017-இல் வெளியான தொடர் ஆய்வு சொன்னது. அதற்கு முந்தைய காலத்தில் பெரும்பாலோர் நான்கைந்து ஆண்டுகளே தாங்கினார்கள்.

இப்போது அத்தானின் தவறு எங்கே என்று பாருங்கள். மாத்திரை பள்ளத்தை அடைக்கிறதே தவிர, ஒட்டிப்போன குரோமோசோமைப் பிரித்துப் பழையபடி வைப்பதில்லை. மஜ்ஜையின் மூலையில் பழுதான செல்கள் கொஞ்சம் பதுங்கியே இருக்கும். சாவிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். விட்டால் மறுபடி திறப்பார். அரைகுறையாகச் சாப்பிடுவதும் ஆபத்துதான். நோய் முழுக்க அடங்காமல் இருந்தால், புதிதாகப் பிறக்கும் செல்களில் மருந்து பொருந்தாதபடி பள்ளத்தின் உருவம் மாறிய செல் ஒன்று தலையெடுக்க வாய்ப்பு அதிகம். ஏபிஎல்லின் 315-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே இமாடினிப் பலிக்காது என்று 2001-இல் கண்டார்கள். அத்தானுக்கு நல்ல காலம், அப்படி எதுவும் நேர்ந்திருக்கவில்லை. மறுபடி தொடங்கிய அதே மாத்திரையே கேட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு, நுட்பமான இரத்தப் பரிசோதனையிலும் ஒட்டு ஜீன் தென்படாத சிலர், டாக்டரின் யோசனைப்படி மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. தவறாத பரிசோதனை இருப்பதால் உடனே கண்டுபிடித்து மாத்திரையை மீண்டும் தொடங்குகிறார்கள். அது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கும் முடிவு. அலமாரிக்குப் பயந்து எடுக்கும் முடிவு அல்ல. இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்க விரும்பினால், அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கருவை இம்மருந்து பாதிக்கக்கூடும்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

அத்தான் மாத்திரையை வாங்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. இந்த மருந்தின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அதை எதிர்த்தவர்களில் நம் மும்பையில் இயங்கும் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் ஒன்று. நோவார்ட்டிஸ் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்று அப்போது பேசப்பட்டது. அந்த நிறுவனம் இலவசத் திட்டம் ஒன்றின் மூலம் ஏராளமான நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தின் புதிய வடிவம், குணமளிப்பதில் உண்மையிலேயே மேம்பட்டிருந்தால்தான் காப்புரிமை உண்டு என்று சொல்லும் சட்டப் பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கை, 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மாதம் பத்தாயிரமே முறுக்குக்காரருக்கு மலைதான். ஓர் அறக்கட்டளை பாதி கொடுத்து உதவியது. லட்சமாக இருந்திருந்தால் அக்காள் தாலியை விற்றாலும் மூன்று மாதம் தாண்டியிருக்காது.

இன்னும் அறியப்படாதவர்கள்

ஏபிஎல்லைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதால், எல்லாக் கைனேஸ்களையும் இப்படி அறிந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் மனிதனுடைய கைனேஸ்களைப் பட்டியல் போட்டபோது மொத்தம் 518 என்று கணக்கு வந்தது. 2014-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அதிகம் ஆராயப்படாத புரதங்களுக்காகத் தனித் திட்டம் தொடங்கியது. அதில் சேர்த்த கைனேஸ்கள் மட்டும் சுமார் 160. ஏறக்குறைய மூன்றில் ஒன்று! அவற்றுள் பலவற்றுக்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள், அவை எந்த வால்வைத் திறக்கின்றன என்பதே சரியாகத் தெரியாது.

ஏன் இப்படி? மாதுங்கா மார்க்கெட்டில் எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கேதான் நாமும் போய் நிற்கிறோம். ஆராய்ச்சியும் அப்படித்தான். ஏற்கெனவே பேர் வாங்கிய புரதம் என்றால் பணம் கிடைக்கும், சோதனைக்கு வேண்டிய பொருள்கள் கடையில் கிடைக்கும், கட்டுரையும் எளிதில் அச்சேறும். பேர் தெரியாத கைனேஸை எடுத்துக்கொண்டவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே செய்துகொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலேயே இப்படி இரண்டு நல்ல யோசனைகள் "இதனால் என்ன உபயோகம்?" என்ற கேள்வியில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

உபயோகம் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். 1998-இல் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கைனேஸ் ஜீனைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் சிடிகேஎல்-5. அன்று அதைப் பெரிதாக யாரும் எண்ணவில்லை. 2003, 2004 ஆண்டுகளில், பிறந்த சில வாரங்களிலேயே வலிப்பு தொடங்கி, வளர்ச்சி தடைப்படும் குழந்தைகள் சிலருக்கு இந்த ஜீனில் பழுது இருப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். நரம்பு செல்கள் கிளைத்து ஒன்றோடொன்று இணைய இந்தக் கைனேஸ் வேண்டும் என்று பிறகு தெரிந்தது. ஏபிஎல்லில் சாவிக்காரர் நிற்கவில்லை, இங்கே சாவிக்காரர் வரவேயில்லை. 2022-இல் இக்குழந்தைகளின் வலிப்பைக் குறைப்பதற்கென்று ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனாலும் 'கர்ப்பத்தில் என்ன தவறு செய்தாய்' என்று கேட்கப்பட்ட தாய்மாருக்கு, நீ எந்தத் தவறும் செய்யவில்லை என்று சொல்ல ஒரு பெயராவது கிடைத்தது. பெரும்பாலும் இந்தப் பழுதும் பெற்றோரிடமிருந்து வருவதல்ல, குழந்தையிடம் புதிதாக ஏற்படுவது.

ஏபிஎல்லின் கதையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கொழுப்பு வால் குழியில் செருகும் பொத்தான் விவரத்தை வெறும் அறிவுத் தாகத்துக்கான ஆராய்ச்சி என்று யாரும் ஒதுக்கியிருக்கலாம். 2021 அக்டோபரில் அசிமினிப் என்ற புதிய மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது ஏ.டி.பி. பள்ளத்தைத் தொடுவதே இல்லை. வால் செருக வேண்டிய அதே குழியில் போய் உட்கார்ந்து, அறுந்த பொத்தானின் வேலையைச் செய்கிறது. மற்ற மாத்திரைகள் பலிக்காத நோயாளிகளுக்கு அது ஒரு வழியாயிற்று. பொத்தான் எங்கே என்று தெரிந்திருக்காவிட்டால் இந்த மருந்து வந்திருக்காது. அந்த 160 கைனேஸ்களின் பொத்தான்களையும் யாராவது தேடித்தான் ஆக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் விஞ்ஞானம் படித்து, பேர் தெரியாத ஏதோ ஒரு புரதத்தோடு ஐந்து ஆண்டு மல்லுக்கட்டுகிறேன் என்று சொன்னால், தயவுசெய்து "இதுக்கா படிச்சே?" என்று கேட்காதீர்கள்.

கல்யாணம் என்ன ஆயிற்று?

2011-இல் அத்தானுக்கு எல்லாவற்றையும் விளக்கிய மறு ஞாயிற்றுக்கிழமை, இருவருமாக மாதுங்காவுக்குப் போனோம். அவரே பேசட்டும் என்று நான் சும்மா இருந்தேன். சம்பந்தியிடம் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் ஒரு வால்வும் ஒரு சாவியும் வரைந்து காட்டத் தொடங்கினார். என்னைவிட நன்றாகவே சொன்னார். சம்பந்தி நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டம்மாவுக்கு சுகர் இருக்கு. அதை நாங்களும் உங்க கிட்ட சொல்லல" என்றார். பிறகு காப்பி வந்தது.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. அத்தானுக்கு இப்போது இரண்டு பேத்திகள். காலை டிபன் முடிந்ததும் மூத்தவள்தான் தண்ணீர்ச் செம்போடு வந்து, "தாத்தா, சாவிக்காரருக்கு மாத்திரை" என்று நிற்பாள். அட்டை இன்று அலமாரிக்குள் இல்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

பந்தியில் கேட்ட அன்பரே, உங்களுக்கான பதில் இதுதான். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வந்த நோய் அவர் மகளுக்குப் போகாது. இந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தைரியமாகப் பேசுங்கள். அப்பா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.